பட்டர் ஃப்ரூட் கொட்டையும் பாலாமணி காம்பவுண்டும்

பாலாமணி காம்பவுண்டில் இருந்த வீடுகளின் வாசல்கள் எல்லாம் வராண்டாவுக்குள் ஒடுங்கித் தெற்கே பார்த்திருந்தன, ஜன்னல்கள் எல்லாம் வடக்கே பார்த்திருந்தன, அதனால் அந்தக் கட்டடத்துக்குள் வெயில் எட்டிப் பார்த்ததே இல்லை, வெயில் வராததால் வாடகை குறைவு, வாடகை குறைவு என்பதால் தேனியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூரில் வந்து இறங்குகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அங்கேதான் வந்தார்கள். தெற்கு வாசல் எமனுடைய வாசல் என்று எதிரே டீக்கடை வைத்திருந்த குப்பண்ணன் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் டீயோடு சொல்லிவிடுவார். அதன் பிறகு அந்த மூன்று மாடியில் யாருக்குத் தலைவலி வந்தாலும், யாருடைய சம்பளம் தள்ளிப்போனாலும், யார் வீட்டுக் குக்கர் விசில் அடிக்காவிட்டாலும் பழி வாசலின் மேல்தான் விழும். வாசல் பாவம், பேசாமல் நின்றுகொண்டிருந்தது.

மேல்மாடியில் கடைசி வீட்டில் நாகமணி குடியிருந்தாள். கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களை வெட்டிக் கொடுப்பது அவள் வேலை, பிசிறு வெட்டுவது என்பார்கள். நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, சின்னக் கத்திரியை விரலில் மாட்டிக்கொண்டு, யாரோ முகம் தெரியாதவர்கள் போடப்போகிற பனியனுக்கு முடி திருத்திக்கொண்டிருப்பாள். அவள் வீட்டுக்காரன் அர்ச்சுனன் கட்டிங் மாஸ்டர், கைத்தொழிலில் குறை சொல்ல முடியாதவன், ஆனால் அவனுக்குத் திசைப் பைத்தியம் இருந்தது. அனுப்பர்பாளையத்தில் இருந்த வீட்டில் அக்கினி மூலையில் தண்ணீர்த் தொட்டி, அதனால்தான் வேலை போயிற்று. ராயபுரத்தில் எதிர்வீட்டுப் படி அவர்கள் வாசலைக் குத்தியது, அதனால்தான் பைக் திருடு போயிற்று. பெரிச்சிபாளையத்து வீட்டில் ஈசானியத்தில் கக்கூஸ், அங்கே மழை பெய்தாலும் அதுதான் காரணம், பெய்யாவிட்டாலும் அதுதான் காரணம். ஒவ்வொரு வீட்டிலும் பால் காய்ச்சிக் குடியேறி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குற்றம் கண்டுபிடித்து, சாமான்களை மறுபடியும் மூட்டை கட்டி, ஊர் முழுக்க நாகமணியை இழுத்துக்கொண்டு அலைந்தான். கையில் காசு தீர்ந்துபோய், நல்ல திசை கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லித்தான் இந்தத் தெற்கு வாசலுக்கே வந்திருந்தான். ஈரோட்டில் கட்டிக்கொடுத்த மகள் பிரபா ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் சௌக்கியமா என்று கேட்கமாட்டாள். "அம்மா, இப்ப எந்த ஊட்டுல இருக்கறீங்க?" என்றுதான் கேட்பாள்.

நாகமணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு வீட்டில் இருக்கவேண்டும், அவ்வளவுதான், தெற்கோ வடக்கோ, ஓட்டையோ ஒடசலோ, கரண்ட் போன நேரத்தில் தடுமாறாமல் கை நீட்டித் தீப்பெட்டியை எடுக்கிற அளவுக்கு ஒரு வீட்டில் பழகவேண்டும். அதை அவள் பலமுறை வாய்விட்டும் சொல்லியிருக்கிறாள். "எனக்கென்ன ஆசையா அலையறதுக்கு? ஒரு நல்ல தெச கெடைச்சா உட்கார்ந்துக்குவேன் அம்மணி" என்று அவன் பதில் சொல்வான், அதை மனசாரத்தான் சொல்வான், அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வரும்.

ஆனி மாசம் கீழ்வீட்டு லூர்துமேரி தன் ஊருக்குப் போய்விட்டு வந்தாள். அவள் ஊர் வத்தலக்குண்டுக்கு மேலே மலையில், காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. அங்கிருந்து ஒரு சாக்குப் பை நிறைய பட்டர் ஃப்ரூட் கொண்டுவந்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். காம்பவுண்டுக்கு அந்தப் பழம் புதுசு. தித்திப்பும் இல்லை, புளிப்பும் இல்லை என்று ஒரு வீட்டில் உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டுத் தின்றார்கள், ஒரு வீட்டில் சர்க்கரையும் பாலும் ஊற்றிக் கரைத்தார்கள், இரண்டாவது மாடி காதர் பாய் ஒரு வாய் வைத்துவிட்டு, வீட்டில் இத்தனை நாள் வெண்ணெய்க்கு எதற்குக் காசு கொடுத்தோம் என்று மனைவி ஜைனம்புவைக் கேட்டார். அர்ச்சுனன் சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டான். நாகமணி முழுசையும் தின்றாள், தின்றபின் உள்ளங்கையில் மிஞ்சிய கொட்டையைப் பார்த்தாள். குழந்தையின் முட்டிபோல வழுவழுவென்று, கனமாக, எறிய மனசு வராதபடி இருந்தது.

"துடைப்பக்குச்சிய மூணா ஒடச்சு இடுப்புல குத்து. கூர் மேல இருக்கணும், பாதி தண்ணிக்குள்ள இருக்கணும். டம்ளர் வாய்ல குச்சி தாங்கிக்கிரும்" என்று லூர்துமேரி சொல்லிக்கொடுத்தாள். "முளைச்சதும் மண்ணுல வச்சிரும்மா, தண்ணிலயே விட்டுறாத."

நாகமணி கண்ணாடி டம்ளரில் அதைத் தொங்கவிட்டு ஜன்னலில் வைத்தாள். மண்ணில் வைப்பதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. மண்ணில் வைத்தால் அடுத்த வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போகவேண்டும், டம்ளரில் இருந்தால் மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போகலாம், வாழ்க்கையில் அவள் வளர்த்த முதல் செடி அதனால் தண்ணீரில் வளர்ந்தது. ஆடி மாசத்தில் கொட்டை நடுவில் வெடித்தது, வெள்ளையாக ஒரு வேர் அடியில் இறங்கியது, மேலே செம்புநிறத்தில் ஒரு குருத்து கிளம்பி, இரண்டு இலை விட்டு, நாலு இலை விட்டு, வெளிச்சத்துக்கு ஏங்கி ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டியது. வடக்கு ஜன்னலில் ஏது வெளிச்சம்? அது கோணிக்கொண்டு போகாமல் இருக்க, தினம் காலையில் பல் விளக்கியதும் டம்ளரைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள். செடி மறுபடி கழுத்தைத் திருப்பும். அவள் மறுபடி டம்ளரைத் திருப்புவாள். இரண்டு பேருக்கும் அது ஒரு சண்டை மாதிரியும் இருந்தது, விளையாட்டு மாதிரியும் இருந்தது.

ஆவணி பிறந்ததும் அர்ச்சுனன் வேறு வீடு பார்த்துவிட்டு வந்தான். வடக்கு வாசல், குபேர மூலையில் அலமாரி, வெள்ளிக்கிழமை மாறிவிடலாம் என்றான். நாகமணி சண்டை போடவில்லை, சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போயிருந்தாள். மறுநாள் காலை எழுந்தாள், பல் விளக்கினாள், டம்ளரின் முன்னால் வந்து நின்றாள், கை நீளவில்லை. "என்னால முடியாது சாமி" என்று செடியிடம் சொன்னாள். "நான் திருப்பித் திருப்பி என்ன கண்டேன்? உனக்கு வேணும்னா நீயே பாத்துக்க." சொல்லிவிட்டுப் பனியன் மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மடியில் சூடாக ஏதோ பட்டது, பார்த்தால் வெயில். கட்டடம் கட்டிய நாள் முதல் அந்த ஜன்னலில் விழாத வெயில் பனியன்மேல் சதுரமாக விழுந்து கிடந்தது, வெளியே எப்போதும் தெரிகிற முட்காட்டின் இடத்தில் சாயப்பட்டறைப் புகைக்குழாய் நின்றது. உச்சிவேளையில் அதே ஜன்னலுக்கு நேரே குப்பண்ணன் தன் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மேற்கே ரயில்வே லைன் தெரிந்தது. செடிக்கு வெயில் காட்டுவதற்காகக் கட்டடம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அன்று ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் படிக்கட்டு வேறு பக்கம் இருப்பதைப் பார்த்தார்கள், சுற்றிக்கொண்டு போய் ஏறினார்கள். பத்து மணி நேரம் நின்றுகொண்டே தைத்துவிட்டு வருகிறவனுக்குப் படி எங்கே என்பதுதான் முக்கியம், ஏன் அங்கே போயிற்று என்று கேட்க அவனுக்குத் தெம்பு கிடையாது. மறுநாள் கரண்ட் ஆபீஸிலிருந்து லைன்மேன் வந்தார், கம்பத்தில் சாய்ந்துகொண்டு காலை முழுக்கக் கட்டடத்தைப் பார்த்தார், ஒயரை ஒரு சுருள் கூடுதலாக விட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டு, இனி இழுக்காது என்று சொல்லிப் போய்விட்டார். தண்ணீர்க் குழாய் ஜடை மாதிரி முறுக்கிக்கொண்டது, பிளம்பர் ரப்பர் குழாய் போட்டார். காதர் பாய் தொழுகைப் பாயை ஒவ்வொரு வேளையும் ஜன்னலில் பள்ளிவாசல் கோபுரம் தெரிகிற கணக்கை வைத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "ரயில்ல தொழுதுக்கிட்டுப் போனதில்லையா நாம? அந்த மாதிரிதான்" என்று ஜைனம்புவுக்குச் சொன்னார். மாநகராட்சியிலிருந்து வந்தவர் டேப் பிடித்து அளந்து, கட்டடம் அதே இடத்தில்தான் இருக்கிறது, இடம் நகராத வரைக்கும் தன் வேலையில் இது வராது என்றார். குப்பண்ணன் ஒருவர்தான் வருத்தப்பட்டார். "மத்தியானமானா எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது, யாவாரத்துக்கு முகம் வேண்டாமா?" என்றார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது ஜைனம்பு. கறிவேப்பிலை கேட்டு மேலே வந்தவள், காலையில் பார்த்தாள், மதியம் பார்த்தாள், எந்நேரமும் வெயில் அந்த நாலு இலைமேல் மட்டும் பிசகாமல் விழுந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். "அடியாத்தீ, நம்ம காம்பவுண்டே இதுக்கு டம்ளர் ஆயிருச்சே" என்றாள். அரைமணி நேரத்தில் விஷயம் மூன்று மாடிக்கும் தெரிந்துவிட்டது, யாரும் அதிசயப்படவில்லை, ஆனால் எல்லோரும் ஒரு தரம் வந்து செடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அர்ச்சுனன் அந்த வாரம் வேலைக்கே போகவில்லை. திசை காட்டும் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு வராண்டாவில் நின்றான். காலையில் ஜன்னல் கிழக்கே போனால் வாசல் மேற்கே பார்த்தது, அது வருணன். உச்சியில் ஜன்னல் தெற்கே போனால் வாசல் வடக்கே பார்த்தது, அது குபேரன். சாயங்காலம் ஜன்னல் மேற்கே போனால் வாசல் கிழக்கே பார்த்தது, அது இந்திரன். இப்படி ஒரே வாசலுக்குத் தெய்வங்கள் முறைவைத்து வந்து போவதை அவன் எந்த வாஸ்து புத்தகத்திலும் படித்ததில்லை. பார்த்து வைத்த வடக்கு வாசல் வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அன்று அவன் தூங்கிய தூக்கத்தை நாகமணி கல்யாணமான நாள் முதல் பார்த்ததில்லை. இனிமேல் இங்கேதான், இங்கேதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அத்தோடு நின்றிருந்தால் கதையும் நின்றிருக்கும். அர்ச்சுனனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாசல் மாறினால் வீடு மாறினதாகத்தானே அர்த்தம், வீடு மாறினால் பால் காய்ச்சவேண்டாமா? உச்சியில் வாசல் வடக்கே திரும்பியதும் பால் காய்ச்சச் சொன்னான். நாகமணி காய்ச்சினாள், பொங்கியது, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், பக்கத்து வீடு தானும் காய்ச்சியது, அதற்குப் பக்கத்து வீடும் காய்ச்சியது. கிழக்கு வாசல்தான் உசத்தி என்றவர்கள் சாயங்காலம் காய்ச்சினார்கள். தஞ்சாவூர்க்காரக் குடும்பம் எதற்கு வம்பு என்று மூன்று வேளையும் காய்ச்சியது. காம்பவுண்டு முழுக்கப் பால்வாடை, குப்பண்ணன் கடையில் டீக்குப் பால் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்களைச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரச்சொல்லி, கிழக்கு வாசல் வீடு என்று பொய் இல்லாமல் சொன்னார்கள், இரண்டு கல்யாணம் நிச்சயமாயிற்று. யாரோ ஒருத்தி, எல்லாம் இந்தச் செடி போட்ட பிச்சை என்று சொல்லி, பொங்கிய பாலில் முதல் சொட்டைக் கொண்டுவந்து டம்ளரில் விட்டாள்.

"அய்யோ, அது தண்ணி குடிக்கிற செடிங்க்கா" என்றாள் நாகமணி.

"சாமிக்கு ஊத்தற பாலு அம்மணி, ஒரு சொட்டுல என்ன ஆயிருது?"

ஒரு சொட்டில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூன்று மாடியும் சொட்டுச் சொட்டாகக் கொண்டுவந்தது. நாகமணி தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தாள், மூட்டையைக் கொடுக்கக் கம்பெனிக்குப் போய்விட்டு வந்தால் டம்ளர் வெள்ளையாகக் கலங்கியிருக்கும், வாசலில் குங்குமம் வைத்திருக்கும். கதவைப் பூட்டினாள், மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் சொம்பை இறக்கி ஜன்னல் வழியாக ஊற்றினார்கள். வெள்ளை வேர் பழுப்பாயிற்று, பழுப்பு வழவழத்தது, புளித்த வாடை அடித்தது, இலையின் ஓரம் கருகிச் சுருண்டது. புரட்டாசி கழிவதற்குள் மூன்று இலை உதிர்ந்துவிட்டது.

செடிக்குச் சீக்கு வந்ததும் கட்டடத்துக்கும் சீக்கு வந்தது. அதுவரை யாருக்கும் தெரியாமல் எண்ணெய் போட்ட மாதிரித் திரும்பிக்கொண்டிருந்தது, இப்போது இழுத்து இழுத்துத் திரும்பியது, பாதியில் நின்றது, எதையோ மறந்துவிட்டு வந்த ஆள்போலப் பின்னால் போனது, மறுபடி கிளம்பியது. அலமாரியில் தட்டுகள் நகர்ந்தன. தாழ்ப்பாள் போட்ட கதவு தானாகத் திறந்தது. குழந்தைகள் வாந்தி எடுத்தன, பெரியவர்கள் படியில் ஒரு கால் வைத்து அடுத்த காலை எங்கே வைப்பது என்று நின்றார்கள், தூங்கப் போனவர்கள் கால் நீட்டிய பக்கம் எது என்று சந்தேகப்பட்டு எழுந்து உட்கார்ந்தார்கள், ஒருத்தருக்கொருத்தர் எரிந்து விழுந்தார்கள். மேகம் மூடிய நாளில் மட்டும் அது தேட வெயில் இல்லாமல், தன் பழைய இடத்துக்கே வந்து, தெற்கே பார்த்துப் பேசாமல் நிற்கும். அன்றைக்கு எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள், நாகமணி மட்டும் நிம்மதியாக மூச்சு விடுவாள். மற்ற நாளெல்லாம் அவளால் உட்கார முடியவில்லை. ஒரு பனியனை வெட்டுவாள், எழுந்து டம்ளரைப் பார்ப்பாள், திரும்பி வந்து உட்கார்வாள், மறுபடி எழுவாள். அவள் வெட்டிய பிசிறோடு துணியும் சேர்ந்து வெட்டுப்பட்டுக் கம்பெனியில் திட்டு வாங்கினாள்.

லூர்துமேரி மேலே வந்து மோந்து பார்த்தாள். "பாலை ஊத்திக் கொன்னுட்டீகளே, வெளங்குவீகளா?" என்று பொதுவாக எல்லோரையும் திட்டினாள். பிறகு நாகமணியிடம் தனியாகச் சொன்னாள்: "கொட்டைய ஒட்டி வேர்ல இன்னும் கொஞ்சம் வெள்ளை இருக்கு. அழுகுனத நறுக்கிட்டு மண்ணுல வச்சா ஒருவேளை பொழைக்கும். ஆனா வெயில்ல வைக்காத, இந்த வேர் வெயில் தாங்காது, பொழுதுக்குள்ள செத்துரும். மழை பிடிக்கட்டும், மழையில வையி."

செடியை மண்ணில் வைக்கப்போகிறாள் என்ற செய்தி பரவியதும் காம்பவுண்டு கூடியது. மண்ணுக்குப் போய்விட்டால் செடிக்கு வெயில் தானாகக் கிடைக்கும், பிறகு கட்டடம் எதற்குத் திரும்பப்போகிறது? செடியை நடுகிற நேரத்தில் வாசல் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கமே நிலைத்துவிடும் என்பது எல்லோருக்கும் யாரும் சொல்லாமலே தெரிந்தது. அவ்வளவுதான், காம்பவுண்டு இரண்டாகப் பிளந்தது. உச்சிவேளையில் நட்டால் வடக்கு வாசல், சாயங்காலம் நட்டால் கிழக்கு வாசல். வடக்குக் கட்சிக்கு அர்ச்சுனன் தலைவன். கல்யாணம் நிச்சயமான இரண்டு வீடும் கிழக்குக் கட்சி, ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு வார்த்தை கொடுத்தாயிற்று. படிக்கட்டில் நின்று கத்தினார்கள், நாகமணியின் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் வந்தன, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒருவர்பின் ஒருவராக வந்து தன் திசையின் பெருமையைச் சொன்னார்கள். செடி பிழைக்குமா என்று கேட்டவர் காதர் பாய் மட்டும்தான். கடைசியில் அர்ச்சுனன் ஜெயித்தான், தீபாவளி கழிந்த மறுவெள்ளி, நல்ல வெயிலில், உச்சிவேளையில் நடுவது என்று முகூர்த்தம் குறித்தார்கள். மேளம் வைக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

தீபாவளிக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. அன்று காலை நாகமணி எழுந்தபோது தூறிக்கொண்டிருந்தது, கட்டடம் தெற்கே பார்த்து அசையாமல் நின்றது. டம்ளரில் ஒரே ஒரு இலைதான் மிச்சம், அதுவும் காம்பில் தொய்ந்திருந்தது. அவள் பிசிறு வெட்டும் கத்திரியை எடுத்து அழுகிய வேர்களை நறுக்கினாள். கொட்டையை ஒட்டியிருந்த வெள்ளையை மட்டும் விட்டுவைத்தாள். துடைப்பக்குச்சிகளை உருவினாள், கொட்டையை முந்தானையில் பொத்திக்கொண்டு கிளம்பினாள்.

அர்ச்சுனன் வாசலை மறித்து நின்றான். "எங்க போற?"

"மண்ணுல வெக்கப்போறேனுங்."

"இன்னைக்கா? கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? தெக்க பாத்து நிக்குது பார். வெயில் வரட்டும், வெள்ளிக்கெழம வரட்டும்."

"வெள்ளிக்கெழம வரைக்கும் இது இருக்காது."

"இல்லாட்டி போகுது! ஒரு செடிக்காக மூணு மாடி சனத்தை எமன் வாசல்ல நிறுத்துவியா? நாகு, நான் எத்தன வருஷமா ஒரு தெசைக்கு அலையறேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கூடவே அலைஞ்சவதானே நானு." அவள் குரல் உயரவில்லை. "நீங்க போன ஊட்டுலெல்லாம் நானும் இருந்தேனுங்க. ஒரு ஊட்டையும் எனக்கு ஞாபகம் இல்ல. எல்லா ஊடும் கலந்துபோச்சு. இது ஒண்ணுதான் என்ற கையில வளந்துது. நவுருங்க."

அவன் நகரவில்லை. அவள் அவன் கைக்கு அடியில் குனிந்து வெளியே போனாள். படியெல்லாம் ஆட்கள் நின்றார்கள், விஷயம் அதற்குள் கீழே போய்விட்டது. ஒருத்தி அவள் முந்தானையைப் பிடித்தாள், ஒருத்தி என் மகள் கல்யாணம் என்று அழுதாள், ஒருவர் சாபம் விட்டார். நாகமணிக்குப் பயமாக இருந்தது, அந்த முகங்கள் எல்லாம் அவளுக்குப் பழகிய முகங்கள், இனிமேல் தினமும் அந்த முகங்களோடுதான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் இறங்கினாள். படியடியில் லூர்துமேரி களைக்கொத்தோடு நின்றிருந்தாள், மழையில் இளகிய மண்ணைக் கிளறிக் குழியும் எடுத்துவிட்டிருந்தாள். நாகமணி கொட்டையைப் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்து, மண்ணை விரலால் அணைத்து, அமுக்காமல் விட்டாள். கட்டடத்தின் அடியில் ஒரு முனகல் கேட்டது, பெரிய உடம்புக்காரர் நாற்காலியில் உட்காருகிற சத்தம் மாதிரி. மேலே ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் கதவுகள் எல்லாம் நின்றன. அவ்வளவுதான்.

தேனிக்காரர் ஒருவர், ஷிப்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார். அழுதவள் மூக்கைச் சிந்திக்கொண்டு மாவு புளித்திருக்கும் என்று மேலே போனாள். குப்பண்ணன் தன் கடையிலிருந்து கட்டடத்தின் முகத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நாகமணி கை கழுவிக்கொண்டு மேலே வந்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்து, பனியன் மூட்டையைப் பிரித்தாள். செடி பிழைக்குமா என்று அவளுக்குத் தெரியாது. தான் இனி எழுந்திருக்கப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அர்ச்சுனன் வெளியே போய், சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்றைப் பேசிக் கூட்டி வந்தான். கட்டிலை இறக்கினான், பீரோவை வண்டிக்காரரோடு சேர்ந்து இறக்கினான், தன் கத்தரிக்கோல் பெட்டியை இறக்கினான். ஒவ்வொரு நடைக்கும் அவள் முன்னால் வந்து நின்று "கிளம்பு" என்றான். அவள் உட்கார்ந்திருந்த பாயை மட்டும் உருவவில்லை. கடைசி நடையில் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"வரப்போறியா இல்லியா?"

"இல்லீங்க" என்றாள். "நீங்க போங்க. எங்க இருக்கறீங்கன்னு பிரபாகிட்டச் சொல்லுங்க, தீவாளி நோம்பிக்கு வந்து பாக்கறேன். நான் இங்கதான்."

அவன் எதிர்பார்த்தது அழுகை, எதிர்பார்த்தது சண்டை, அவளிடம் இப்படி ஒரு பதில் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. தடதடவென்று இறங்கிப் போனான். நாகமணி வராண்டாவுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எத்தனையானாலும் சேர்ந்து அலைந்த ஆள். கீழே தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி முடித்திருந்தார்கள். வண்டிக்காரர் ஏறி இஞ்சினைப் போட்டார். அர்ச்சுனன் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தான்.

"எந்தப் பக்கமுங்ணா போறது?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

அர்ச்சுனன் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நின்றான். சந்து இரண்டு பக்கமும் மழையில் மங்கலாகக் கிடந்தது. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், சட்டைப்பையில் கைவிட்டுத் திசைமுள்ளை எடுத்தான், அதன்மேல் மழை விழுந்து முள் தெரியவில்லை. எட்டுத் திசையும் விரல் நுனியில் வைத்திருந்தவன் அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

"சொல்லுங்ணா, மழை வலுக்குது. எந்தப் பக்கம்?"

மேலிருந்து நாகமணி சத்தம் போட்டாள். "ஏனுங்க, நனையாதீங்க. ஒண்ணு வண்டியில ஏறுங்க, இல்லீனா மேல வாங்க."

அவன் அண்ணாந்து பார்த்தான். ஏறவும் இல்லை, வரவும் இல்லை, தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றான். வண்டிக்காரர் அவனைப் பார்த்தார், மேலே நின்றவளைப் பார்த்தார், பிறகு இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, யாரையும் கேட்காமல் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.